சாக்கு வாங்கக் காசில்லாத பேரிடர்த் திட்டம்: மேலூர் வட்டாரக் கண்மாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூர் வட்டாரத்தில், பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதியில் இருக்கிறது இந்த ஊர். ஊரின் பெயரையும் ஆண்டையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். 2022க்கும் 2024க்கும் இடைப்பட்ட ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று மட்டும் சொன்னால் போதும். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இது என் மனைவி பிறந்த ஊர். ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வந்துவிட்டோம்.

ஊர்க் கண்மாய்க்கு, அதாவது பாசன ஏரிக்கு, 80 ஏக்கர் ஆயக்கட்டு (அதன் நீரில் பாயும் வயல் பரப்பு). 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்பதால் இது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள கண்மாய். இதற்கு மேலே இருக்கும் பெரிய கண்மாய் நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அது நிறைந்து மறுகால் பாய்ந்தால், அதாவது உபரி நீர் வழிந்தால், தண்ணீர் நேராக எங்கள் கண்மாய்க்கு வரும். எங்கள் கலுங்கில் (உபரி நீர் வெளியேறும் கல் கட்டில்) வழிவது கீழ் ஊரின் கண்மாய்க்குப் போகும். ஒரே தண்ணீர் மூன்று கண்மாய்களைக் கடக்கிறது, இடையில் இரண்டு துறைகள். மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை அடுத்தடுத்து உடையும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கரைக்கு வெளிப்பக்கம், மடையிலிருந்து (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகிலிருந்து) கூப்பிடு தூரத்தில் 43 வீடுகள் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் வீடில்லாதவர்களுக்குப் பட்டா கொடுத்த இடம். கோடையில் வந்து அளந்திருப்பார்கள். மழைக்காலத்தில் வந்து பார்த்திருந்தால் கரையின் அடிவாரத்தில் மனிதர்களைக் குடிவைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. அந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்தவன் என்ற முறையில் எனக்கு அதைச் சொல்லக் கடமை உண்டு.

ஜூலை: கோப்பில் இருந்த திட்டம்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 31ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தத் திட்டத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு பக்கம் இருந்தது. பாதிப்புக்குள்ளாகும் பகுதி என்று அந்த 43 வீடுகளைச் சரியாகவே குறித்திருந்தார்கள். தங்குமிடம் பள்ளிக்கூடம். முதல்நிலைப் பொறுப்பாளர்கள் என்று 22 பெயர்களும் கைபேசி எண்களும் இருந்தன.

ஒரு பிற்பகலில் திண்ணையில் உட்கார்ந்து 22 எண்களுக்கும் அழைத்தேன். இருவர் இறந்துபோயிருந்தார்கள். ஏழு பேர் திருப்பூரிலும் கோவையிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்தார்கள். நான்கு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்றைச் சேலத்தில் ஒரு பெண் எடுத்து, இது என் எண் ஆகி மூன்று வருடம் ஆகிறது என்றார். மீதி எட்டுப் பேர் ஊரில் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்குத் தாங்கள் பட்டியலில் இருப்பதே தெரியாது. 22 பேரில் ஒரு பெண்கூட இல்லை. கரைக்குக் கீழே குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை.

பொருள் இருப்பு என்ற கட்டத்தில் மணல் மூட்டைக்கான சாக்குகளும் சவுக்குக் கட்டைகளும் எழுதப்பட்டிருந்தன. அவை இருந்த இடம் 16 கிலோமீட்டர் தள்ளி. நேரில் போய்ப் பார்த்தேன். சாக்குகள் வெயில் பட்டு இற்றுப்போயிருந்தன. மடித்த இடத்தில் விரலை அழுத்தியதும் நூல் நூலாகப் பிரிந்தது.

ஆகஸ்ட்: பணம் எங்கே இருக்கிறது

புதிய சாக்கு 800, கயிறு, நாலு பெரிய டார்ச், இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு. மொத்தம் 9,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டோம். இந்தத் தொகையை யார் தருவது என்று தேடியதில் ஒரு மாதம் போனது. அந்தத் தேடலை விரிவாகவே எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்வார்கள்.

பேரிடருக்கான அரசுப் பணம் இந்தியாவில் குறைவு இல்லை. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலப் பேரிடர் இடர் மேலாண்மை நிதியத்துக்காக எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இதில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். இந்தப் பணத்தில் 40 சதவீதம் மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 சதவீதம் மறுகட்டமைப்புக்கும், 10 சதவீதம் முன்தயாரிப்புக்கும், 20 சதவீதம் இடர் தணிப்புப் பணிகளுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். முன்தயாரிப்புக்கென்று தனியாக 10 சதவீதம் ஒதுக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் மாநில அளவில் பயிற்சிக்கும் கருவிக்கும் அமைப்புக்கும் போகிறது. ஒரு கண்மாய்க் கரைக்கு 800 சாக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்கும் வழியை நான் தேடிய இடங்களில் யாரும் எனக்குக் காட்டவில்லை.

சட்டத்தின் 48ஆம் பிரிவு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் நிதியங்கள் அமைக்கச் சொல்கிறது. அதற்குக் கீழே ஊராட்சிக்கு ஒரு நிதியம் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, பேரிடருக்கான பொருள்களை உடனே எடுக்கும் நிலையில் வைத்திருப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது. கடமை ஊராட்சிக்கு, நிதியம் மாவட்டத்துக்கு. இந்த இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஊராட்சியின் பொது நிதி இருக்கிறதே என்று ஊராட்சி செயலரிடம் போனேன். அவர் பொறுமையாகப் பேசினார்.

“ஐயா, குழாய் உடைந்தால் எழுதத் தலைப்பு இருக்கிறது. தெருவிளக்குக்கு இருக்கிறது. வராத வெள்ளத்துக்குச் சாக்கு வாங்கினேன் என்று எந்தத் தலைப்பில் எழுதுவேன்? தணிக்கையில் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.”

அவர் சொன்னதில் பாதி பயம், பாதி அனுபவம். அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் இருவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. மின்சாரக் கட்டணமே தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

இன்னொரு பக்கம் கணக்கைப் பாருங்கள். 80 ஏக்கர் என்பது 32 ஹெக்டேருக்குச் சற்று மேல். 2022–26 காலத்துக்கான நிவாரண நெறிமுறையில், 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். கரை உடைந்து ஆயக்கட்டு முழுவதும் போயிருந்தால் பயிருக்கு மட்டும் சுமார் ஐந்தரை லட்ச ரூபாய் நிவாரணமாக வந்திருக்கும். கறவை மாடு ஒன்று செத்தால் 37,500. ஆடு ஒன்றுக்கு 4,000. மனித உயிர் ஒன்றுக்கு 4 லட்சம். இதற்கெல்லாம் தலைப்பும் படிவமும் கையெழுத்துப் போடும் அதிகாரியும் உண்டு. 9,000 ரூபாய்க்கு மட்டும் இல்லை.

செப்டம்பர்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மடைக்கருப்பு கோயில் முன் ஊர்க்கூட்டம் போட்டோம். ஊரின் மரபுவழித் தலைவரான அம்பலம் முதலில் தயங்கினார். கோயில் பொதுப் பணத்தை அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு எடுத்தால், அடுத்த வருடமும் எடுக்கச் சொல்வார்கள் என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம். கடைசியில் 20,000 ரூபாய் கைமாற்றாகத் தருவது, மாசித் திருவிழாவுக்குள் திருப்பி வைப்பது என்று முடிவானது. அதில் 9,000க்குப் பொருள்கள் வாங்கினோம். மீதி 11,000 ரூபாயைப் பணமாக வைத்திருக்க வேண்டும், வங்கியில் போடக் கூடாது என்று நான் வற்புறுத்தினேன். வேலையில் இருந்த காலத்தில் நடுராத்திரியில் வண்டிக்கு டீசல் போடப் பணமில்லாமல் நின்றிருக்கிறேன். அந்த நினைவுதான் காரணம். பணத்தை அம்பலத்தின் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தோம்.

சாக்கில் நிரப்ப மண் வேண்டும். கண்மாய்க்குள் மண் அள்ள அனுமதி வாங்க நேரமில்லை. ஒருவர் கிணறு வெட்டிப் போட்ட மேட்டு மண் கரைக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது, அவர் கொடுத்தார். 300 சாக்குகளை முன்கூட்டியே நிரப்பினோம். முழுக்க நிரப்பினால் மூட்டை உருண்டையாகிவிடும், ஒன்றோடொன்று படியாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, வாயைத் தளர்வாகக் கட்டினால் தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடச் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. அவர் வீடு மதுரையில். அவரிடம் பேசி, இன்னொரு சாவியைச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுக்கச் செய்தோம். அந்த அம்மாவின் வீடு பள்ளிக்கு எதிரில்தான். மழை இரவில் மின்சாரம் போய்விடும் என்பதால் ஒலிபெருக்கியை நம்பவில்லை. பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். விட்டு விட்டு அடித்தால் கூட்டம், நிறுத்தாமல் அடித்தால் வெளியேற வேண்டும்.

இதுவரை சரி. ஒரு முடிவு தவறானது, அதற்கு நானும் ஒப்புக்கொண்டேன். கலுங்கின் மேல் ஒன்றரை அடிக்குக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கூடுதலாகத் தண்ணீர் நிற்க வேண்டும். மீன் குத்தகை எடுத்தவருக்கு மீன் வெளியே போகக் கூடாது, அதற்கு முன்னால் வலையும் கட்டியிருந்தார். எடுத்துவிட வேண்டும் என்று, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி சொன்னார். போன வருடம் கடைசித் தண்ணீருக்கு அலைந்தோம் என்று ஆயக்கட்டுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். மடைக்கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் அடைப்பை எடுப்பது என்று சமரசம் செய்தோம். பகலில் தொடும் என்று எல்லாரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டோம் போலும்.

நவம்பர்: அந்த இரவு

மூன்று நாளில் இரண்டு முறை கனமழை. மேல் கண்மாய் மறுகால் பாய்வதாக மாலை ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. வைகை அணை என்றால் 71 அடியில் 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று ஐந்து மாவட்டங்களுக்கும் முறைப்படி தகவல் போகும். எங்களுக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர் பால் வண்டிக்காரர்.

காவலுக்கு இருவர் கரையில் இருந்தார்கள். ஆனால் முதலில் பார்த்தவர்கள் அவர்கள் அல்லர். இரவு 9.40க்கு, கரைக்குக் கீழே கடைசி வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டி, ஆட்டைத் திண்ணையில் கட்டிவிட்டுத் திரும்பும்போது வீட்டுப் பின்புறச் சாலகத்தில் (கழிவுநீர் வாய்க்காலில்) தண்ணீர் ஓடுவதைக் கண்டார். மழை நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“மாப்பிள்ளை, கரைக்கு அடியில் தண்ணீர் கலங்கி வருகிறது. தெளிவாக வந்தால் நான் வந்து சொல்லியிருக்க மாட்டேன்.”

அவர் சொன்னது முழுவதும் சரி. பழைய கரையில் ஊற்று எடுப்பது புதிது அல்ல. தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை தன் மண்ணை இழக்கவில்லை என்று அர்த்தம். கலங்கி வந்தால் உள்ளே ஒரு வழி உண்டாகி மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. நண்டு வளை, எலி வளை, வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத்தின் மக்கிய வேர் என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கும். தொடங்கினால் வழி பெரிதாகிக்கொண்டே போகும்.

முதல் முடிவு: கரையைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே மணியை நிறுத்தாமல் அடிக்கச் சொன்னேன். வீண் பயம் கிளப்பிவிட்டான் என்று பேச்சு வந்தால் வரட்டும் என்று நினைத்தேன். 43 வீட்டாரும் வெளியே வர 50 நிமிடம் ஆனது. ஆடுகளை விட்டு வர மறுத்தவர்களுக்கு, ஆட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னதும் உடனே கிளம்பினார்கள். பள்ளி மைதானத்தில் அன்று மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். சத்துணவு அமைப்பாளர் கதவைத் திறந்து, தன் வீட்டு அரிசியைப் போட்டுக் கஞ்சி வைத்தார். பள்ளி அரிசியைத் தொடவில்லை, அதற்குக் கணக்கு உண்டு.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு 9.55க்கு அழைத்தோம். உடனே எடுத்தார்கள், விவரம் குறித்துக்கொண்டார்கள். கண்மாய் எந்தத் துறை என்று கேட்டார்கள். அன்று இரவு வட்டாரம் முழுவதும் இதே நிலை. கிராம நிர்வாக அலுவலர் 12.30க்கும் வட்டாட்சியர் இரண்டு மணி வாக்கிலும் வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கரைக்குப் போனபோது இளைஞர்கள் ஊற்றுக் கண்ணின் மேல் மூட்டைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய நீர்பாய்ச்சி ஓடிவந்து தடுத்தார்.

“ஊற்றை அடைக்காதே தம்பி! அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றி வட்டம் கட்டு.”

ஊற்றைச் சுற்றி, கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது போல, மூன்றடி உயரத்துக்கு மூட்டை வட்டம் எழுப்பினோம். வட்டத்துக்குள் தண்ணீர் உயர உயர, உள்ளிருந்து வரும் வேகம் குறைந்தது. அதற்குள் ஆற்று மணலும் சரளையும் கொட்டினோம். தண்ணீரை விடும், மண்ணை விடாது. பதினொன்றரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது டீ நிறம் சற்று வெளுத்திருந்தது.

உள்பக்கத்தில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீர்பாய்ச்சி ஒரு கூடை உமி கொண்டுவரச் சொன்னார். கரையோரத் தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டே நடந்தார். நாங்கள் டார்ச் பிடித்தோம். உமி மிதந்து கிடந்தது, மிதந்து கிடந்தது. இரண்டாவது மடைக்குப் பத்தடி இந்தப் பக்கம், உமி மெல்லச் சுற்றத் தொடங்கி, ஒரு சாண் அகலச் சுழியாகி உள்ளே இறங்கியது. இருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் களிமண்ணில் புரட்டி, காலாலேயே துளையைத் தேடித் திணித்தார்கள். அதன் மேல் மூட்டைகள்.

அதற்குமேல் மனித உழைப்பால் முடியாது, கரையின் வெளிப்பக்கம் மண் கொட்டிப் பாரம் ஏற்ற வேண்டும். பக்கத்து ஊரில் ஜேசிபி வைத்திருப்பவருக்கு அழைத்தோம். அவர் கெட்டவர் அல்ல, போன வருடம் ஓர் அலுவலக வேலைக்கு ஓட்டிய பாக்கி அவருக்கு இன்னும் வரவில்லை. டீசல் யார் போடுவது என்று கேட்டார். அம்பலம் பெட்டியைத் திறந்து 5,000 ரூபாயை ஒரு பையனிடம் கொடுத்து மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். 12.10க்கு வண்டி கரையில் நின்றது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் வாகனத்தைக் கட்டாயமாகப் பெறும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு. 50ஆம் பிரிவில் டெண்டர் இல்லாமல் அவசரக் கொள்முதல் செய்ய வழி உண்டு. இரண்டும் நல்ல பிரிவுகள். அந்த நேரத்தில் கரைக்கு வந்து சேர்ந்தது அந்த 5,000 ரூபாய்தான்.

கலுங்கு அடைப்பு? சுண்ணாம்புக் கோட்டைத் தண்ணீர் எப்போது தொட்டது என்று யாரும் பார்க்கவில்லை. கோடே தண்ணீருக்குள் போயிருந்தது. பகலில் அரைமணி நேரத்தில் எடுத்திருக்க வேண்டிய கல்லை, பாயும் தண்ணீரில், இருட்டில், மீன் வலை காலைச் சுற்ற எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. ஒருவருக்குக் கணுக்காலில் ஆழமான காயம். இரண்டு மணிக்கு மறுகால் முழு வீச்சில் போனது. விடியும்போது கண்மாயின் மட்டம் முக்கால் அடி இறங்கியிருந்தது. ஜேசிபி காலை ஒன்பது மணிக்கு மேல்தான் நின்றது.

பிறகு

கரை தாங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. 43 வீட்டாரும் இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார்கள்.

சேதம் ஒன்று உண்டு. ஒரேயடியாகத் திறந்துவிட்ட மறுகால், கீழே ஒருவருடைய வயலில் புகுந்து நெற்பயிர் நான்கு நாள் மூழ்கியது. அவர் 43 வீட்டாருக்கும் சொந்தக்காரர் அல்ல, அன்று இரவு கரையிலும் நின்றவர். கணக்கெடுப்பில் சேதம் 33 சதவீதத்தைத் தொடவில்லை என்று வந்ததால் நிவாரணம் கிடைக்கவில்லை. ஊரைக் காப்பாற்ற நாம் திறந்த தண்ணீர் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அறுவடையின்போது ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் அளந்து கொடுத்தார்கள்.

கீழ் ஊர்க்காரர்கள் மறுநாள் வந்து சத்தம் போட்டார்கள். கலுங்கைத் திறக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். எங்களுக்கு மேல் ஊர் சொல்லவில்லை என்று நாங்கள் குறைபட்ட அதே தவற்றை நாங்கள் அவர்களுக்குச் செய்திருந்தோம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, மன்னிப்புக் கேட்டேன்.

மொத்தச் செலவு 29,900 ரூபாய். முன்னால் வாங்கிய பொருள்கள் 9,000. ஜேசிபி வாடகை 11,700. மீதி டிராக்டர், வைக்கோல், மணல், சாப்பாடு. ரசீதுகளை வைத்து விண்ணப்பம் எழுதினேன், எழுதத் தெரிந்தவன் நான். மதிப்பீடு தயாரித்து ஒப்புதல் வாங்கிய பிறகு செய்த வேலைக்குத்தான் பணம் தர முடியும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். கரை உடைந்திருந்தால் உடைப்பை அடைத்த செலவு என்று எழுதலாம், உடையவில்லையே என்று இன்னோரிடத்தில் ஒருவர் சொன்னார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஜேசிபி வாடகை 11,700 ரூபாயை மட்டும் ஊராட்சிப் பொது நிதியில் எடுக்க முடிந்தது. தலைவரும் துணைத் தலைவரும் அந்தக் காசோலையில் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். இருவரும் அன்று இரவு ஒரே மூட்டையின் இரு முனையைப் பிடித்துத் தூக்கியதை நான் பார்த்தேன்.

மீதி 18,200 ரூபாய்க்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வரி, போட்டோம். 182 தலைக்கட்டு, ஒன்றுக்கு 100 ரூபாய். கீழ் வீட்டாருக்கு வேண்டாம் என்று அம்பலம் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை, முதல் ஆளாக வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மாசித் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது கோயில் பணம் பெட்டிக்குத் திரும்பியது. அடுத்த கோடையில் நூறுநாள் வேலைத் திட்டத்தில் அந்தக் கரைப் பகுதியைப் பலப்படுத்தினார்கள்.

மறுபடியும் செய்தால்

கலுங்கு அடைப்பை அக்டோபர் பிறக்குமுன் எடுத்துவிட வேண்டும், பேச்சே இல்லை. தண்ணீர் போதாது என்ற அச்சம் உண்மையானது. அதற்கு வழி வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது. கலுங்கை உயர்த்தினால் கரை தாங்க வேண்டிய அழுத்தம்தான் கூடும்.

முன்தயாரிப்புச் செலவுக்கான தீர்மானத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையில் போட வேண்டும். அக்டோபர் 2 சபை வரை காத்திருந்தால் காலம் போதாது. பருவமழை பொதுவாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். தீர்மானத்தில் “குடிநீர், சுகாதாரம் உள்ளிட்ட அத்தியாவசியப் பணிகள்” என்று பொதுவாக எழுதாமல், சாக்கு இத்தனை, கயிறு இத்தனை, டீசல் முன்பணம் இவ்வளவு என்று 41ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். செயலரின் பயத்துக்கு ஒரே மருந்து இதுதான், தணிக்கையில் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்கும்.

அரசின் முன் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். முன்தயாரிப்புக்கான அந்த 10 சதவீதத்திலிருந்து, கரைக்குக் கீழே வீடுகள் உள்ள ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஆண்டுக்கு 25,000 ரூபாய், செப்டம்பர் மாதத்துக்குள், செலவழித்தபின் கணக்குக் காட்டும் முன்பணமாகத் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி செயலரும் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும் என்று இருக்க வேண்டும், இரவில் இருவரும் ஊரிலோ பக்கத்திலோ இருப்பார்கள். செலவாகாவிட்டால் ஜனவரியில் திருப்பிக் கட்டட்டும். பணம் தவறாகப் போகும் என்று சொல்வார்கள். சில இடங்களில் போகலாம். அந்த இழப்பை ஒரு கண்மாய் உடைப்பின் நிவாரணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி போனது. ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் படாத பாடுபட்டுச் சேர்த்த இரண்டு கையெழுத்துகளும் காலாவதியாகிவிட்டன. தீர்மானத்தின் நகலைப் புதிய அலுவலரிடம் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறேன்.

சாக்குகள் இப்போது பள்ளியின் பின்னறையில், வெயில் படாமல், ஓலைப் பாயில் சுற்றிக் கிடக்கின்றன. மேல் ஊரில் ஒருவர், கீழ் ஊரில் ஒருவர் என இருவருடைய எண்கள் சுவரில் எழுதியிருக்கின்றன. மறுகால் பாய்ந்தால் மூன்று ஊரும் ஒன்றுக்கொன்று சொல்ல வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். முதல்நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியலை மாற்றி எழுதினோம். 18 பேர், அதில் ஏழு பேர் பெண்கள், ஒன்பது பேர் கரைக்குக் கீழ் வீடுகளில் இருப்பவர்கள். முதல் பெயர் அந்த மூதாட்டியுடையது. அவரிடம் கைபேசி இல்லை, பக்கத்து வீட்டுப் பேத்தியின் எண்ணை எழுதியிருக்கிறோம்.